மணிக்கூண்டில் இன்பமலர் ரீச்சர்

கல் கட்டடத்தில் ஒரு வசதி இருக்கிறது, ஐயா. வெளியே என்ன வெயில் எரித்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும். எங்கள் கோயிலுக்குள் வந்தபோது நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

அதைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி. தன் ஊர்க் கோயிலைப் போலவே வேண்டுமென்று, மூதூர்ப் பக்கத்துக் கடலோரத்தில், ஊரைவிட்டு எட்டவே சதுரக் கோபுரம் எழுப்பினாராம். அந்த ஊரின் படம் குருவானவர் உடுப்பு மாற்றும் அறையில் தொங்குகிறது. செம்மறிகள், பனி, கல்லறைகள். நான் அங்கே போனதில்லை. ஆனாலும் ஞாயிறுகளில் அங்கே எந்த வரிசை வாங்கில் யார் இருப்பார்கள் என்றுகூடச் சொல்வேன். தனியே கிடப்பவனுக்கு இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தேழில் கடற்படை போனது. பறங்கிக் குடும்பங்களும் பின்னாலேயே போயின. நான் கூட்டினேன், துடைத்தேன், மணி அடித்தேன். கடைசியில் ஆராதனைக்கு வந்தவர் இன்பமலர் ரீச்சர் மட்டும்தான். அவரும் வராவிட்டால் கோயிலைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்விடுவதாக, மாதம் ஒரு ஞாயிறு நகரத்திலிருந்து வரும் குருவானவர் சொல்லியிருந்தார்.

அவர் வரவேண்டிய கிழமைதான் ரீச்சர் குடாவுக்கு அப்பால் லிங்கநகரில் மகளோடு போய் இருக்கப் புறப்பட்டார். திங்கள் காலை பெட்டியோடு வந்து, மணிக்கூண்டில் ஏறி ஒருதரம் கடலைப் பார்க்கவேண்டும் என்றார். வயதானவர், விழுந்துவிடக்கூடாது. நான்தான் ஏணியைப் பிடித்தேன். ஏறி முடிந்ததும் அதை எடுத்துச் சுவரோரம் சாத்தினேன்.

"பேணாட், ஏணி எங்கை?"

"போகேல்லை எண்டு சொல்லுங்கோ ரீச்சர், வைக்கிறன்."

முதலில் சிரித்தார். பிறகு ஏசினார். அதன்பின் மணியை அடிக்கத் தொடங்கினார்.

அவரை ஏற்றிப்போகப் படகோடு காத்திருந்த முனாப் தேடிவந்தார். அவரும் ரீச்சரிடம் படித்தவர்.

"ரீச்சர் வரல்லியா? மணிய ஆரு அடிக்கிற?"

"அவதான். போற யோசினையை விட்டிட்டா. ஆசைதீர அடிக்கட்டும்."

முனாப்புக்குச் சந்தோஷம். படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ரீச்சர் போகமாட்டேன் என்றார். ஓம், சொன்னார், நான் மறைக்கவில்லை. பலதரம் சொன்னார், தண்ணீர் கேட்டுக் கேட்டுச் சொன்னார். ஆனால் அது மனதார வந்த சொல்லாக எனக்குப் படவில்லை. இறங்கியதும் போயிருப்பார். நான் கீழே முன்வாங்கில் இருந்து மணியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அந்த நாட்களில்தான் எனக்குத் தனிமை தெரியவில்லை.

மணி ஓய்ந்த பிறகு ஏணியை வைத்தேன்.

அவரைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து வைக்கிறேன், ஐயா. ஆனால் ஞாயிறு குருவானவர் உள்ளே வந்தபோது ரீச்சர் வழக்கமான இடத்தில் இருந்தார். நான்தான் தோளில் சுமந்து இறக்கி, தலையில் முக்காடு போட்டு, மடியில் பாட்டுப்புத்தகத்தை விரித்து இருத்தினேன். கோயிலுக்கு ஆள் வரவில்லை என்று குருவானவர் சொல்லவே ஏலாது.