மூடின கடலை வெட்டுவது

நான் குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், ஓஸ்டர்முண்டிகன் ஊருக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்ணும் வயதில் மூத்த ஒருவரும் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மட்டக்களப்புப் பேச்சு. அந்தப் பெண்ணின் தம்பி வேலை செய்யும் எண்ணெய்க் கப்பல் ஹோர்முஸ் நீரிணைக்கு உள்ளே நிற்கிறதாம். வெளியே வரும் வழியைச் சண்டையில் மூடிவிட்டார்களாம்.

“மூடினா வெட்டி விடுறதுதானே?” என்றார் மூத்தவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னத்த வெட்டுறது, அண்ணன்?”

“ஆத்துவாயத்தான். எங்கட வாவி கடலில விழுற இடத்த மண் மூடினா வெட்டுறல்லயா?”

“அது மண் மூடினது. இது ஆக்கள் மூடினது. ரெண்டு கரைக்கும் நடுவால ஒடுங்கின கடல். எத்தின நாட்டு எண்ணெய் அதாலதான் போகுது!”

“எங்கடயிலயும் ஆக்கள்தான். வெள்ளம் நிக்குது, வெட்டு எண்டு வயல்காரர். இறால் போயிடும், வெட்டாத எண்டு மீன்காரர். கச்சேரியில, அரச அதிபருக்கு முன்னால, ஒரே சண்டை.”

“பிறகு ஆர் வெண்டது?”

“ஆரும் வெல்லல்ல. பெரிய மழை வந்து அதுவாவே உடைச்சிது.”

பேருந்து ஆரே ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அந்தப் பெண் கைபேசியில் தம்பியின் செய்தியை இன்னொரு முறை பார்த்தார்.

“அண்ணன், அங்க மழை பெய்யுமா?”