ஹீற்றருக்கு வந்த வருத்தம்

"...அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன், பிழை ஹீற்றரிலை இல்லை, மனிசரிலை! சப்பாத்தைக் கழட்ட வேண்டாம், நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு. அப்பிடியே வாங்கோ. இந்தா, இந்தச் சுவரிலைதான் ரைமர்."

இத்தாலியின் தெற்கே, பிரான்காச்சோவில் அந்த அடுக்குமாடியின் நாலாம் மாடிவரை ஏறி வந்த ஸ்ரனிஸ்லாஸ், ஹீற்றர் திருத்துகிறவன், இன்னும் வணக்கமே சொல்லி முடிக்கவில்லை. வீட்டுக்காரி யோசப்பின் விடவில்லை. இரண்டு வீடுகளில் துப்பரவு வேலை அவளுக்கு. அங்கே வாய் திறக்க நேரமில்லை, திறந்தாலும் இத்தாலியனில்தான் திறக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒரு காது இந்த வீட்டுக்குள் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது.

"கார்த்திகையிலை பூட்டினது, இப்ப தை. புதுச் சாமான்! விடிய ஆறு மணிக்கு ஒருக்கால், பின்னேரம் அஞ்சு மணிக்கு ஒருக்கால் தன்ரபாட்டிலை பத்தும் எண்டு பூட்டின இத்தாலிக்காரன் கையாலை காட்டிப்போட்டுப் போனான். முதல் கிழமை நல்லா வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. பிறகுதான் வருத்தம் பிடிச்சுது. நான் வேலையாலை வந்து கதவைத் திறந்தா, வெளியிலும் பார்க்க உள்ளுக்கை குளிர்! லண்டனிலை இருக்கிற என்ரை தங்கச்சி சிரிக்கிறாள். 'உங்கட ஊரிலை எலுமிச்சை காய்க்குதே, பிறகென்ன குளிர்' எண்டு. காய்ச்சா என்ன? எலுமிச்சம்பழத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கிறதோ?"

ஸ்ரனிஸ்லாஸ் ரைமரின் மூடியைக் கழற்றினான்.

"நான் வேலைக்குப் போற சின்யோரா வீட்டிலை எண்டா போறணை மாதிரி வெக்கை, தம்பி. அதுக்குள்ளை அவவின்ரை நாய்க்குக் கம்பளிச் சட்டை வேறை. அதை நான் தோய்ச்சு, காயப்போட்டு, அயர்ன் பண்ணி... நாயின்ரை சட்டையை! சரி, என்ன சொல்ல வந்தனான்... ஆ, ரைமர். நான் யோசிச்சுப் பார்த்தன். வீட்டிலை ரெண்டே ரெண்டு பேர். நான் நிப்பாட்டேல்லை. அப்ப ஆர்? ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் ஒழுங்கா வேலை செய்யுது, அது தெரியுமோ? ஞாயிறு ஆர் வீட்டிலை? அவர்! காலை நீட்டிக்கொண்டு ரீவி பார்க்கிறவர்! ...என்ன? ஓம், நானும் வீட்டிலைதான். அது வேறை கதை."

அவர் என்றது புருசன் கோபாலசிங்கத்தை. அந்தப் பெயரைச் சொல்லாமலே கதையைக் கொண்டுபோகத்தான் அவள் பார்த்தாள்.

"நேரை கேட்டன். 'இஞ்சேருங்கோ, காசு மிச்சம் பிடிக்கிறனெண்டு ரைமரிலை கை வைச்சியளோ?' இல்லை எண்டார். சாந்தா ரொசாலியா படத்திலை சத்தியம் பண்ணுங்கோ எண்டன். பண்ணினார். 'புனிதைக்கே பொய் சொல்லுறியளோ' எண்டு கேட்டுப்போட்டன். அந்த மனிசன் எழும்பினார். முழங்காலுக்குக் கட்டுற பட்டியை எடுத்தார். ரெண்டு சேர்ட்டை எடுத்தார். போயிட்டார். இப்ப பல்லரோச் சந்தையிலை, இராஜநாயகத்தின்ரை கடைக்குப் பின்னாலை, அரிசி மூட்டையளோடை படுக்கை. முழங்கால் நோக்காரன், தம்பி... குளிர் ஒத்துவராது."

குரல் இறங்கியது. மேசையில் இல்லாத தூசியைக் கையால் தட்டினாள்.

"போன சனிக்கிழமை மீன் வாங்கப் போனனான். கண்டன். வெங்காய மூட்டையோடை நொண்டி நொண்டிப் போறார். நான் மற்றப் பக்கத்தாலை வந்திட்டன். மீனும் வாங்கேல்லை. ...என்ன கேட்டனீங்கள்? அவர் போன பிறகும் குளிரோ எண்டோ? ஓம், குளிர்தான். போகேக்கை என்னவோ செய்துபோட்டுப் போயிருக்கிறார். வேறை என்ன!"

ஸ்ரனிஸ்லாஸ் ஒரு பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"அதோ? அது வேலைக்குப் போற பொத்தான். கைப்பிடி வைச்ச பை, படம் கிடக்குதே. நான் விடிய வெளிக்கிடேக்கை அமத்திறனான். நான் போட்டு வாறன், வீட்டைச் சூடாக்கி வை எண்டு சொல்லுற மாதிரி. ரெண்டாம் கிழமைதான் இதைக் கண்டுபிடிச்சனான், அண்டையிலையிருந்து ஒருநாள் தவறவிடேல்லை! ஞாயிறு வேலையில்லைத்தானே, அதாலை ஞாயிறு மட்டும் அமத்திறேல்..."

அவள் கிட்டப் போய் அந்தப் பொத்தானை உற்றுப் பார்த்தாள்.

ஸ்ரனிஸ்லாஸ் மெல்லச் சொன்னான். அது பையில்லை, சூட்கேஸ். விடுமுறைக்குப் போகிறவர்கள் அமத்துவது. ஒருக்கால் அமத்தினால், வீட்டில் ஆளில்லை என்று ஹீற்றர் ஒரு நாள் முழுக்கப் படுத்துவிடும். சொல்லிக்கொண்டே அதை இன்னொருக்கால் அமத்தி எடுத்துவிட்டான்.

"லீவோ?" என்றாள் யோசப்பின். கதிரையில் இருந்தாள். "ஊரிலை சண்டை முடிஞ்சு இஞ்சை வந்து ஏழு வருசம். கடல் இந்தா கிடக்கு, ஒருநாள் கால் நனைக்கப் போகேல்லை. இது எங்களை நாள் தவறாமல் லீவுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததோ!"

சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு ஏதோவாக மாறப் பார்க்க, எழும்பிக் கைபேசியைத் தேடினாள். சுவருக்குள் குழாய் டக் டக்கென்று சூடேறத் தொடங்கியிருந்தது.

"தம்பி, ஒரு உதவி. நான் அவருக்கு அடிக்கிறன், நீங்கள் கதையுங்கோ. உள்ளுக்கை வயர் ஒண்டு எரிஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ. மெஷின் பிழை எண்டு. ஆம்பிளையள் சொன்னா அவர் நம்புவார். பொய்யெண்டு நினையாதேங்கோ, குடும்பம் சேர்க்கிற வேலை, அதிலை பாவமில்லை. இந்தா, மணி அடிக்குது..."

கைபேசியை நீட்டிக்கொண்டு திரும்பினாள். வாசல் கதவு திறந்து கிடந்தது. ஸ்ரனிஸ்லாஸின் சப்பாத்துச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டது. காசும் வாங்கவில்லை.

"ஹலோ," என்றார் கோபாலசிங்கம்.

"இஞ்சேருங்கோ... நான்தான். ஹீற்றர் சரிவந்திட்டுது. உள்ளுக்கை வயர் ஒண்டு..." சாந்தா ரொசாலியா படம் கண்ணில் பட்டது. "வயரில்லை. நான்தான். நான்தான் ஒவ்வொரு நாளும் அமத்திப்போட்டுப் போயிருக்கிறன்."

அந்தப் பக்கத்தில் சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ மீன் கூவி விற்றுக்கொண்டிருந்தான்.

"ஏசுறதெண்டா வீட்டை வந்து ஏசுங்கோ," என்றாள் யோசப்பின். "அங்கை சாப்பிட்டிட்டு வராதேங்கோ."