கினு போடாத ஆண்டவர்

9.7.2025 புதன், காலை 10.40, புழுக்கம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள்.

"அக்கா, ஆண்டவரு நம்மள மாதிரி 'வந்துக்கினு, போய்க்கினு'ன்னு கினு போட்டுப் பேசுவாரா?"

"என்னாடி உளர்ற?"

"எங்க ஊட்டுக்காரரு காதுல குரல் கேக்குதில்ல? 'மாத்திரை வோணாம், ஜெபம் பண்ணிக்கினு இரு'ன்னு ஆண்டவரே சொல்றாராம். நாலு நாளா மனசுக்குத் தர்ற மாத்திரையைத் தொடலக்கா. 'பைபிள்ல ஆண்டவரு எங்கியாச்சும் கினு போட்டிருக்காரா, தேடுங்க'ன்னு குடுத்துட்டு வந்தேன்."

அப்போது வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தேடிட்டேம்மா, எங்கியும் இல்ல. இப்ப வேற மாதிரி பேசுறாரு. 'எழுந்து மாத்திரையைப் புசிப்பாயாக'ங்கிறாரு."

"இவருதாங்க நெசமான ஆண்டவரு! ஜல்தியா முழுங்குங்க."

தண்ணீர் குடிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது. "ஸ்தோத்திரம்" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

விக்கிரவாண்டியில் இறங்க வேண்டிய நான் திண்டிவனத்தில் இறங்கினேன். கூடுதல் டிக்கெட்டும் திரும்பி வந்த டிக்கெட்டுமாக ஐம்பத்திரண்டு ரூபாய்.