பதினொன்றேகால் கிலோ ஆதர்ஷ்

— பதினொண்ணேகால் கிலோ, ஷிஜா மோளே! சாக்கு எடை கழிச்சாச்சு!

— அய்யோ, பெருமாளண்ணாச்சி! காய்ச்சல்காரப் பிள்ளையையா மிளகாவத்தல் தராசுல வச்சீங்க?

— எடை தெரியாம உன் மருந்துக்கடையில மருந்து தரமாட்டேன்னு நீதானே சொன்ன? ஆரியசாலைக் கடைத்தெருவுலேயே சுத்தமான தராசு என் கடையிலதான். பிள்ளை நாலு தும்மல் போட்டான், அவ்வளவுதான்.

— ரெண்டு வயசு, பதினொண்ணேகால். சூடு?

— நூத்தியொண்ணு! அன்னைக்கு எனக்கு ஒரு வெள்ளை மாத்திரை தந்தியே, அதுல கால்வாசி ஒடச்சு...

— வேண்டவே வேண்டா! அது பெரியவங்களுக்கு. இவனுக்கு பாராசிட்டமால் சிரப் மதி, அது போதும். இந்தப் பாட்டில்ல, அவன் எடைக்கு மூணு மில்லி.

— மூணுதானா? கொஞ்சம் கொசுறு விடு. என் கடையில கொசுறு இல்லாம ஒரு பொட்டணமும் வெளியே போகாது!

— மருந்துல கொசுறு விட்டா ஈரலுக்குக் கேடு, கேட்டோ. இந்தா, சிரிஞ்சுல அளந்தாச்சு.

— கொடு, கொடு! ஆதர்ஷு, ஆ காட்டுலே...

— நில்லுங்க! காலையில வேற மருந்து கொடுத்தாச்சா?

— நான் கொடுக்கல.

— இவனோட அம்மா, நாகு சேச்சி?

— அவ பஸ் ஏறி கழக்கூட்டம் ஊருக்கு வேலைக்குப் போயிட்டாளே. இன்னைக்குத்தான் முதல் நாள்.

— விளிச்சுக் கேளுங்க.

— மாட்டேன்! பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்னு சத்தியம் பண்ணி அனுப்பியிருக்கேன். பதினோரு மணிக்கே போன் போட்டா, வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருவா. எட்டு மாசம் அலைஞ்சு கிடைச்ச வேலை!

— அப்போ சிரிஞ்சைத் தாங்க இங்கே. கேக்காம ஒரு துளி உள்ளே போகாது.

— பிடுங்கிட்டாளே! சரி, ஸ்பீக்கர்லயே போடுதேன்... ஹலோ, நாகு? ஒண்ணுமில்ல, சும்மாத்தான். காலையில இவனுக்கு மருந்து ஏதும் கொடுத்தியோ?

— லேசா மேல் சுட்டுதுன்னு எட்டரைக்கு மூணு மில்லி கொடுத்தேங்க. நீங்க குளிச்சிட்டிருந்தீங்க, சொல்ல விட்டுப்போச்சு. ஃபிரிட்ஜ் மேல இருக்கே, பச்சை டப்பா.

— பச்சையா? இது ஆரஞ்சு. பேரே வேற!

— அண்ணாச்சி, பேரும் டப்பாவும்தான் வேற, உள்ளே ரெண்டும் ஒரே மருந்து! ரெண்டரை மணி வரை தொடக்கூடாது. சேச்சி, பயப்படாதீங்க. நான் கொடுக்கத்தான் பாத்தேன், அண்ணாச்சிதான் உங்ககிட்ட கேக்காம முடியாதுன்னு நின்னார்.

— பொய் சொல்லுதா, நாகு. நின்னது அவதான். நான் பிள்ளை வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன். நீ... கிளம்பி வந்திரு.

— அவ சொன்ன பொய்க்கு நீங்க தலையாட்டியிருந்தா, இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன். உள்ளதைச் சொல்லிட்டீங்க, இனி பயமில்ல. ரெண்டரைக்குச் சூடு பாருங்க, இருந்தா மூணு மில்லி. நான் ஆறு மணிக்கு வாறேன்.