வலது சக்கரத்துப் பலகை

"ஹலோ... ஆமா, நான்தான்... இருடி, மெஷினை நிறுத்திக்கிறேன். ம், சொல்லு."

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. பாதி தைத்த ரெக்ஸின் துணி மடியில் கிடக்க, அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். தங்கை கல்யாணமான கையோடு புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றப் போயிருக்கிறாள். போனது, அக்காவும் அவளும் சேர்ந்து வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்து வீடாக்கிய பழைய வேனில்.

"பிரிட்ஜா?... குளிரவே இல்லையா... உன் இன்சுலின்?... எல்லாமே அதுக்குள்ளயா... சரி, சரி. பதறாத."

அது கேஸில் ஓடும் பிரிட்ஜ். பின்னால் சின்னதாகத் தீ எரிந்தால்தான் உள்ளே குளிரும். அதன் குணம் அக்காவுக்குத்தான் அத்துப்படி. புருஷன் வந்த பிறகும் இதற்கு அவள்தான் வேண்டியிருக்கிறது என்றதில் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

"சிலிண்டரை ஆட்டிப் பார்த்தியா?... யாரு, அவரா?... அவர் ஆட்டினா சரியாத்தான் இருக்கும்... இல்ல, குத்தலா ஒண்ணும் சொல்லலை. மேல சொல்லு."

தீ எரிகிறதாம். நீலமாகத்தான் எரிகிறதாம். மாப்பிள்ளை வேனுக்கு வெளியே படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறாராம். அப்படிப் படுத்துப் பார்ப்பது அக்காவின் வேலை.

"வெயிலா அங்க?... அவருக்குக் குடை பிடிச்சிட்டிருக்கியா... ம். பிடி, பிடி."

பிரிட்ஜின் பின்பக்கம் சுடுகிறதா என்று கேட்டாள். சுடுகிறது. காற்றுப் போகும் ஜன்னலில் துணி கிணி காயப்போட்டிருக்கிறார்களா? இல்லை. அக்காவுக்குப் பொறி தட்டியது.

"வண்டி எப்படி நிக்குது?... மட்டமாவா... போன்ல ரசமட்டம் போட்டு மேசை மேல வெச்சுப் பார்த்தாரா... ஆமா, ஆமா. ரொம்பக் கெட்டிக்காரர்தான்."

மேசை மட்டம்தான். ஆனால் பிரிட்ஜ் நிற்கிற மூலையில் வேனின் தரை அமுங்கியிருக்கிறது. சாய்ந்து நின்றால் அந்தப் பிரிட்ஜில் தீ எரியும், குளிர் வராது. அதனால் எங்கே நிறுத்தினாலும் அக்கா முதல் வேலையாக வலது பின்சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு வண்டியை அதன்மேல் ஏற்றுவாள். தங்கை அந்நேரம் டீ போட்டுக்கொண்டிருப்பாள். பலகை எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அவர் பின்னாலிருந்து ஏதோ சொல்ல, தங்கை மூக்கால் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன்னால் மட்டும்தான் வரவழைக்க முடியும் என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அது போச்சுடி... ஆமா, ஆயுசு முடிஞ்சுது. இனிமே தேறாது. மருந்து கெட்டுப்போறதுக்குள்ள கிளம்பி வந்துடு... வந்துடுங்கன்னுதான் சொன்னேன். ரெண்டு பேரையும்தான்."

அங்கே குசுகுசுவென்று பேச்சு. அதற்குள் அக்கா மனதிலேயே தங்கையின் அறையைக் கூட்டி, மெத்தையைத் தட்டிப் போட்டுவிட்டாள்.

"என்ன சொல்றார்?... புதுசாவா... கரண்ட்ல ஓடுறதா?... அப்போ இதை? இதைக் கழட்டி எங்க போடுவாராம்?... பழைய இரும்புக்கா."

ரெக்ஸின் துணி மடியிலிருந்து சரிந்து விழுந்தது. புது பிரிட்ஜுக்கு அக்கா எதற்கு? கெட்டுப்போனால் கம்பெனி ஆளைக் கூப்பிடுவார்கள்.

"இரு, இரு. யாரும் எதையும் கழட்ட வேணாம்... சொல்றதைக் கேளு. படுக்கைக்கு அடியில ஒரு பலகை கிடக்கும்... அதேதான், டயர் தடம் பதிஞ்சது. வலது பின்சக்கரத்துக்குக் கீழ போட்டு ஏத்தச் சொல்லு... மேசை சாஞ்சா சாயட்டும், டம்ளரைக் கையில பிடிச்சுக்குங்க. பிரிட்ஜ்தான் நேரா நிக்கணும். தீயை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடு, அப்புறம் பத்த வை. சாயங்காலத்துக்குள்ள குளிர்ந்துடும். அதுவரைக்கும் மருந்தை ஈரத்துணியில சுத்தி... வெச்சாச்சா?... அவரேவா... ம். நல்லது."

அக்கா குனிந்து, கீழே விழுந்த துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்னது?... இப்பத்தான் ஞாபகம் வந்துது... இல்லடி... சத்தியமெல்லாம் எதுக்கு இப்போ?"

தங்கை விடவில்லை. தெரிந்திருந்தும் எதற்குத் திரும்பி வரச்சொன்னாய் என்று மறுபடி கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக.

"தெரிஞ்சுதான் சொன்னேன்... ஏன்னா, இங்க இப்போ ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவுத்தா வேலை முடிஞ்சுடுதுடி. அதான்."

மாப்பிள்ளையின் குரல் கிட்டத்தில் வந்தது. அக்கா என்ன சொன்னார்கள் என்று கேட்கிறார். தங்கை மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

"கடைக்கு ஆள் வந்தாச்சு. வெச்சுடறேன்."

யாரும் வரவில்லை.