முன் சீட்டு

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பக்கத்து பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ் ஏரிக்கரை மேட்டில் தவறாமல் திணறும். எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். முன் சீட்டில் உட்காரும் வெள்ளைக்காரர்கள் மட்டும் இறங்குவதில்லை. அன்று அங்கே இருந்தவள் ஆவடி ராணுவ முகாமுக்குப் புதிதாக வந்த நர்ஸ்.

கடைசி சீட்டில் கீரைக்கூடையோடு ஒருத்தி எழவே இல்லை.

“எறங்கும்மா” என்றான் கண்டக்டர்.

“அந்தம்மா குந்திகினு கீறாங்க இல்ல? நானும் குந்திகினு கீறேன்.”

“அவங்க தொரசாணி.”

“தொரசாணின்னா கனம் இல்லியா? கூடையோட சேத்தாலும் நான் அவங்கள்ல பாதி தான்.”

துரைசாணி திரும்பிப் பார்த்தாள். “எல்லோரும் எதற்காக இறங்குகிறார்கள்?” என்று புத்தகத் தமிழில் கேட்டாள்.

“வண்டி தள்ளணும்மா. நீங்க உக்காருங்க.”

“அவர்களைப் போல் நானும் டிக்கெட்தான் வாங்கியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

அதன் பிறகுதான் கீரைக்காரி இறங்கி, அவள் பக்கத்திலேயே நின்று தள்ளினாள். தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

மேடு ஏறியதும் கீரைக்காரி முதல் ஆளாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“ஏய், அது தொரசாணி எடம்.”

“அவங்க எடம் இங்க கீது” என்று கூடையை மடிக்கு எடுத்துக்கொண்டு பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். துரைசாணி வந்து அங்கேயே உட்கார்ந்தாள்.

கண்டக்டர் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா பாக்குற? தள்றப்ப ஒண்ணா தள்ளலியா? ரைட் சொல்லு.”