குறையில்லாத சங்கிலி

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் மதரஸாவில் அது பெரிய வசதி, ஏனென்றால் கட்டுரைகளைக் கையால்தான் எழுதித் தர வேண்டும். ஆளுக்கொரு போன் வந்த பிறகு எங்கள் ஆசிரியரான உஸ்தாத் போட்ட சட்டம் அது. கையால் எழுதினால் கள்ளம் நுழையாது என்று அவர் நம்பினார். நாங்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு, செயற்கை நுண்ணறிவு சொன்னதைப் பார்த்துப் பார்த்து, கையால் எழுதினோம்.

மற்றவர்கள் எழுதிய லட்சணம் எனக்கு அருவருப்பாக இருந்தது. இறையச்சம் பற்றிய கட்டுரையின் கடைசி வரியில் ஒருவன், "இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?" என்று மையால் எழுதிக் கொடுத்தான். உஸ்தாத் அதன் கீழே "வேண்டாம், இதுவே போதும்" என்று எழுதி, பூஜ்யம் போட்டார். நான் அந்த ரகம் இல்லை. படித்துப் பார்த்துத்தான் திருடுவேன்.

ஆண்டுப் போட்டிக்கு 'நோயும் பொறுமையும்' என்று தலைப்பு வந்தது. முதல் பரிசு வாங்குபவருக்கு மேற்படிப்பில் இடம். மருந்து செய்துகொள்ளச் சொல்லும் நபிமொழிகள், அதாவது ஹதீஸ்கள், எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை எழுதினால் யார் பரிசு தருவார்கள்? யாரும் கேள்விப்படாத நபிமொழி ஒன்றைப் போனிடம் கேட்டேன். இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி அது. மருந்தை ஒதுக்கி வலியைப் பொறுத்துக்கொள்பவருக்கு இன்ன நற்கூலி என்று ஒன்றைப் புதிதாகச் செய்து, கையோடு கொடுத்துவிட்டது. கூடவே அறிவிப்பாளர் சங்கிலியும்.

சங்கிலி என்றால், இதை இன்னார் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நபிவரை போகும் பெயர் வரிசை. எங்கள் படிப்பில் பாதி அதுதான். போன் கொடுத்த சங்கிலியைச் சரிபார்த்தேன். நடுவில் இருந்த ஒருவர், தமக்குச் சொன்னதாகப் போட்டிருந்தவர் செத்த பிறகுதான் பிறந்திருக்கிறார். ஆக, செய்தி பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மறைக்க ஒன்றுமில்லை.

நான் செய்தது ஒன்றுதான். நூலகத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தில் பொருந்துகிற வேறொருவரைத் தேடிப் பிடித்தேன். நம்பகமானவர், முன்னவரையும் பின்னவரையும் நேரில் சந்தித்தவர். அவரை நடுவில் வைத்தேன். மூலம், அச்சேறாத ஒரு பழைய கையெழுத்துப் பிரதி என்று போட்டுக்கொண்டேன். உஸ்தாத் சங்கிலியைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குடா," என்றார். சங்கிலி அவ்வளவு சுத்தமாக இருந்ததால் செய்தியை எந்த நூலிலும் அவர் தேடவே இல்லை.

பரிசுக் கட்டுரையைத் தொழுகைக்குப் பின் எல்லோர் முன்னும் வாசிக்கச் சொன்னார்கள். என் அறைத் தோழன் அதைப் படமெடுத்துத் தன் உம்மாவுக்கு அனுப்பினான். மனப்பாடம் செய்யும்போது காதருகே ரீங்காரம் போடுவான் என்பதால் அவன் பெயர் கொசு. அவன் உம்மா தையல்காரி. சர்க்கரை நோய்க்குத் தினமும் ஊசி. அவரே என்னை போனில் அழைத்தார்.

"தம்பி, குத்திக் குத்தி வயிறெல்லாம் சல்லடையாயிடுச்சுப்பா. நீ எழுதினது மெய்தானா?"

"சங்கிலியில ஒரு குறையும் இல்லைம்மா. உஸ்தாதே பார்த்துட்டார்."

"அப்ப சரி. நீங்கள்லாம் படிச்ச பிள்ளைங்க."

ஊசியை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

விடுமுறைக்குப் போய்வந்த கொசு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். "உம்மா ஊசியை நிறுத்திட்டாங்கடா. கால்ல புண்ணு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

மேற்படிப்புக் கடிதம் இன்னும் வந்திருக்கவில்லை. "ஹதீஸுக்கு எதிரா என்னைப் பேசச் சொல்றியா?" என்றேன். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆனாலும் ஒருமுறை போய்ப் பார்த்தேன். தையல் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். கால்விரல்கள் கறுத்திருந்தன. அறையில் இறைச்சி கெட்டுப்போன வாடை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஜன்னலைத் திறந்து விடுடா, பிள்ளைக்கு ஒத்துக்கல," என்றார் கொசுவிடம். பிறகு என்னைப் பார்த்து, "வலிக்குதுதான் தம்பி. கூலி கிடைக்கும்ல?"

"இன்ஷா அல்லாஹ்," என்றேன். அவர்கள் கொடுத்த தேநீரை மட்டும் என்னால் குடிக்க முடியவில்லை. குவளை பிசுபிசுத்தது.

கடிதம் வந்தபோது அவர் இல்லை. நல்லடக்கத்தில் கொசு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் உன் ஹதீஸைத்தான்டா ஓதிட்டு இருந்தாங்க," என்றான். அவன் கை ஈரமாக இருந்தது. அறைக்கு வந்து என் கையைக் கழுவினேன்.

பிறகு அவன் அந்த ஹதீஸைத் தன் உம்மா பெயரில் அச்சிட்டுக் கொடுக்க ஆசைப்பட்டு, மூலம் கேட்டான். பக்க எண்ணும் சொன்னேன். முட்டாள், ஒரு நூலகம் விடாமல் தேடி, அப்படியொரு பிரதியே இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறான். இல்லாவிட்டால் மதரஸா நிர்வாகத்தார் நீங்கள் என்னை இந்த விசாரணையில் உட்கார வைத்திருக்க மாட்டீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். செய்தி பொய் என்று தெரியும். அந்தச் சங்கிலியை நம்பித்தான் அவர் ஊசியை நிறுத்தினார் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்; சொல்லவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். பரிசை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள். அது நான் உழைத்து வாங்கியது.